உதவ வருபவரும் உதவி தேடுபவரும் சந்திக்க: கொழும்பில் தொண்டர் இணைப்பைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் உதவ மனமுள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை. களனி கங்கை பெருக்கெடுத்தது என்று செய்தி வந்தால் அன்று மாலையே கொலன்னாவைக்கு உலர் உணவுப் பொதிகளோடு வான்கள் வரிசை கட்டும். வெள்ளவத்தையில் ஊருக்கொரு பழைய மாணவர் சங்கக் கிளை இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் கோயிலும் தேவாலயமும் தங்களால் இயன்றதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ஒரு புதன்கிழமை காலை, மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து புறக்கோட்டையில் இறங்கும் ஒரு தாயை மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய், அங்கே சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றால் தேடித் தேடிக் களைத்துப்போவோம். அதே நேரத்தில் தெஹிவளையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "எனக்கு நேரம் இருக்கிறது, செய்ய ஏதாவது சொல்லுங்களேன்" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த இருவரையும் சந்திக்கவைப்பதற்கென்று ஒருவர் நடுவில் இருக்க வேண்டும். அவரை இணைப்பாளர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவிலோ சங்கத்திலோ கோயில் சபையிலோ அந்த வேலையைத் தொடங்க நினைக்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அலுவலகமோ பெரிய பணமோ தேவையில்லை. ஒரு கொப்பி, ஒரு போன், யாரிடமும் சங்கடப்படாமல் கேள்வி கேட்கும் குணம், இவை போதும்.

தேவையிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலானோர் முதலில் ஒரு வட்ஸ்அப் குழுமத்தைத் திறக்கிறார்கள். ஒரே நாளில் நிறையப் பேர் சேர்வார்கள், கைகூப்பும் படங்கள் வரும், அப்புறம் காலை வணக்கமும் தைப்பொங்கல் வாழ்த்தும் வரும். செய்வதற்கு வேலை எதுவும் வராது. நிஜமாகவே ஒரு தேவை வரும்போது குழுமத்தின் ஒலியைப் பாதிப் பேர் நிறுத்தி வைத்திருப்பார்கள்.

ஆகவே தொண்டர் தேடுவதற்கு முன்பு மூன்று தேவைகளைக் கண்டுபிடியுங்கள். மூன்றே போதும். உங்கள் பகுதிக் கிராம அலுவலருக்கு யார் வீட்டில் யார் தனியே இருக்கிறார் என்பது தெரியும். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருப்பார். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்றால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம், கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கம் என்றால் கொழும்புப் பிரதேச செயலகம். பாடசாலை அதிபரையும் பங்குத் தந்தையையும் பள்ளிவாசல் நிர்வாகத்தையும் போய்ப் பாருங்கள். பலரும் மறந்துவிடும் இரண்டு பேர் உண்டு. ஒருவர் மருந்துக்கடைக்காரர். மற்றவர் தொடர்மாடிக் காவலாளி. நான்காம் மாடி அம்மா ஒரு வாரமாகக் கீழே இறங்கவில்லை என்பது, கனடாவில் இருக்கும் மகனுக்குத் தெரியுமுன் காவலாளிக்குத் தெரிந்துவிடும்.

தேவையை எப்படி எழுதுவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. "வயதான அம்மாவுக்கு உதவி வேண்டும்" என்று எழுதினால் யாரும் அசையமாட்டார்கள், ஏனென்றால் அதில் செய்வதற்கு எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கத் தொடர்மாடி. தனியே வாழும் அம்மா, வயது எழுபதுக்கு மேல், தமிழும் ஆங்கிலமும் பேசுவார். மாதத்தில் ஒரு காலை, வங்கிக்கும் மருந்துக்கடைக்கும் கூடப் போய்வர ஆள் வேண்டும். இரண்டு மணித்தியாலம். மாடிப்படி இறங்கக் கை கொடுக்க வேண்டும்." இப்போது படிப்பவர் மனதில் தன் நாட்குறிப்பைப் புரட்டத் தொடங்குவார்.

தேவையுள்ளவரிடமே நேரில் கேட்டு எழுதுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து போனில் சொல்வது ஒன்றாகவும் அம்மா விரும்புவது வேறாகவும் இருக்கும். மகள் "சமைத்துக் கொடுக்க ஆள் வேண்டும்" என்பார். அம்மாவோ, "சமையல் நான் பார்த்துக்கொள்ளுவன் பிள்ளை, பின்னேரத்தில கதைக்க ஒருத்தர் வந்தாப் போதும்" என்பார். யாரிடம் வேலை நடக்கப்போகிறதோ அவர் சொல்வதுதான் கணக்கு.

தொண்டரிடம் என்ன கேட்பது

"உங்களுக்கு எதில் ஆர்வம்?" என்ற கேள்வியால் அதிகம் பயனில்லை. எல்லோரும் "எதுவானாலும் செய்வேன்" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதில் நான்கு கேள்விகள் கேளுங்கள். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை? எங்கிருந்து, எப்படி வருவீர்கள்? என்னென்ன மொழி, எவ்வளவு? எதைச் செய்ய மாட்டீர்கள்?

கடைசிக் கேள்விக்குத்தான் மிக நேர்மையான பதில் கிடைக்கும். வைத்தியசாலை வாடையைத் தாங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். மாடி ஏற முடியாதவர்கள், சிறுவர்களோடு பொறுமை இல்லாதவர்கள், ஆறு மணிக்குப் பின் வெளியே தங்க வீட்டில் விடாதவர்கள் என்று பலவிதம். இதை முதலிலேயே கேட்டு எழுதிவைத்தால் பின்னால் சாக்குப்போக்குச் சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கும் வராது.

மொழி விஷயத்தில் "சிங்களம் தெரியும்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். புறக்கோட்டையில் பேரம் பேசும் சிங்களம் வேறு, வைத்தியர் நோயை விளக்கும்போது புரிந்துகொள்ளும் சிங்களம் வேறு. ஒரு மாத்திரைப் பெட்டியைக் கையில் கொடுத்து, "இதைச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, இரவில் அரை என்று சிங்களத்தில் சொல்லுங்கள்" என்று கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

முதல் சந்திப்பைப் பொது இடத்தில் வையுங்கள். வெள்ளவத்தைப் பக்கத்தில், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் நல்ல இடம். எல்லோருக்கும் வழி தெரியும். தேசிய அடையாள அட்டையைப் பாருங்கள். அவரைத் தெரிந்த இருவரிடம் பேசுங்கள். முதியவர் வீட்டுக்கோ சிறுவர்களிடமோ போகிறவர் என்றால் கிராம அலுவலரிடம் நற்சான்றிதழ் ஒன்று எடுத்துவரச் சொல்லுங்கள். "என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எல்லோரிடமும் கேட்பது வழக்கம் என்று சொல்லிவிடுங்கள், உண்மையிலேயே எல்லோரிடமும் கேளுங்கள். சங்கத் தலைவரின் மருமகனுக்கு விலக்குக் கொடுத்த நாளில் அந்த வழக்கம் செத்துவிடும்.

18 வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும், தனியே யார் வீட்டுக்கும் அனுப்பக் கூடாது.

பொருத்தும் முறை

நேரம், வழி, மொழி. இந்த வரிசையில் பாருங்கள். திறமை அதற்கு அப்புறம்தான்.

முதல் இரண்டு பொருந்தாவிட்டால் மற்ற எதுவும் உதவாது. கணக்குப் பாடத்தில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மாலை ஐந்தரைக்கு வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளிக்குப் போகவேண்டிய தொண்டர் நான்காவது வாரத்தில் களைத்துவிடுவார். அவரைவிடக் கொஞ்சம் குறைவாகக் கணக்குத் தெரிந்த, முகத்துவாரத்திலேயே இருக்கும் பல்கலைக்கழக மாணவி மேல். வரைபடத்தில் தூரத்தைப் பார்க்காமல் பஸ்ஸைப் பாருங்கள். புறக்கோட்டையிலிருந்து மஹரகமவுக்கு 138 நேரே போகும். காலி வீதியில் இருப்பவருக்குக் கரையோர ரயில் எட்டும் இடங்கள் எல்லாம் பக்கம்தான். மருதானையிலிருந்து களனிவெளிப் பாதை ரயிலில் நாரஹேன்பிட்டியும் நுகேகொடையும் மஹரகமவும் வரும். கொச்சிக்கடைப் பக்கம் என்றால் செவ்வாய்க்கிழமையைத் தவிருங்கள். அந்தோனியார் கோவில் கூட்டத்தில் முச்சக்கர வண்டிகூட நகராது.

அப்புறம் சில விஷயங்களை வாய்விட்டுப் பேசாவிட்டாலும் கவனிக்க வேண்டும். பெண் நோயாளருக்குப் பெண் தொண்டர். மரக்கறி மட்டும் உண்ணும் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவரிடம் முன்கூட்டியே ஒரு சொல். நோன்பு காலத்தில் முஸ்லிம் தொண்டர்களுக்கு மாலை நேரத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆள் பொருந்திவிட்டது என்றால் குழுமத்தில் "யாராவது போக முடியுமா?" என்று போடாதீர்கள். எல்லோருக்கும் போட்ட கேள்வி யாருக்கும் போடாத கேள்விதான். ஒருவருக்கு, பெயர் சொல்லி, தனியே அனுப்புங்கள்: "அக்கா, வருகிற புதன் காலை 7 மணிக்கு மஹரகமவில் ஒரு தாய்க்குக் கிளினிக். மொழிக்கு ஆள் வேண்டும். பதினொரு மணிக்கு முடியலாம், ஒரு மணிவரை போனாலும் போகும். உங்களுக்கு முடியுமா? முடியாதென்றால் இன்று இரவு ஒரு சொல் போட்டுவிடுங்கள், வேறொருவரிடம் கேட்கிறேன்." மறுப்பதற்கும் வழி திறந்திருக்கிற செய்திக்குத்தான் பதில் வரும். முடியாது என்று சொல்பவரைக் கோபிக்காதீர்கள். சரி என்று சொல்லிவிட்டு அன்று காலை போனை எடுக்காதவரைத்தான் பட்டியலில் கீழே இறக்க வேண்டும்.

வைத்தியசாலையில் மொழி உதவி

தமிழ் பேசும் ஒருவர் கொழும்பில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள தொண்டு இதுதான் என்பது என் எண்ணம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கொழும்பு தேசிய வைத்தியசாலை, பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை, கண் வைத்தியசாலை, மஹரகமவில் அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை என்று பெரிய சிகிச்சைகளுக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் இங்கேதான் வருகிறார்கள். மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வருபவர்களில் பலருக்குச் சிங்களம் வராது. வார்ட்டில் தமிழ் தெரிந்த தாதி இருந்தால் நல்ல காலம். இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டில் நோயாளர், சுத்திகரிப்பு ஊழியர், சில நேரம் நோயாளரின் பத்து வயதுப் பிள்ளை. அம்மாவின் நோயைப் பிள்ளையின் வாயால் அம்மாவுக்குச் சொல்லவைப்பது கொடுமை.

இதற்குப் போகும் தொண்டருக்கு முன்பே சொல்ல வேண்டியவை உண்டு. வைத்தியர் சொன்னது முழுவதையும் சொல்ல வேண்டும், சுருக்கக் கூடாது, தன் கருத்தைச் சேர்க்கக் கூடாது. வைத்தியர் கவலையான செய்தி சொன்னால் "ஒன்றுமில்லை அம்மா, பயப்படாதீர்கள்" என்று மாற்றிச் சொல்வது இரக்கம் போலத் தெரியும். அந்த அம்மா அடுத்த கிளினிக்குக்கு வராமலே விட்டுவிடக்கூடும். நோயாளர் கேட்கும் கேள்வியையும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், "இதையெல்லாம் கேட்கக் கூடாது" என்று தடுக்கக் கூடாது. விளங்காத சொல் வந்தால் வைத்தியரிடமே மறுபடி கேட்க வேண்டும். கையொப்பமிடும் படிவம் எதுவானாலும் படித்து விளக்கிய பிறகே நோயாளர் பேனையை எடுக்க வேண்டும். தொண்டர் சாட்சிக் கையொப்பம் போட வேண்டாம்.

வெளியே வந்ததும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மூன்று விடயங்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்: எந்த மருந்து எப்போது, அடுத்த திகதி எது, அன்று என்னென்ன கொண்டுவர வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை என்பதைத் தெரியாமல் காலையில் இடியப்பம் சாப்பிட்டுவிட்டு வந்து, அன்றைய பயணமே வீணாகி ஊர் திரும்புபவர்கள் இருக்கிறார்கள்.

வார்ட்டுக்குள் போவதற்கு வைத்தியசாலையின் அனுமதி வேண்டும். கிளினிக்குக்குத் துணையாகப் போவது எளிது. வழக்கமாகப் போய்வரும் ஏற்பாடு என்றால் வைத்தியசாலை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதல் முறை கூடப் போங்கள்

தொண்டரை முகவரியை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். முதல் தடவை நீங்களும் போய், இருவரையும் அறிமுகப்படுத்தி, தேநீர் வந்தால் குடித்துவிட்டு வாருங்கள். இருவர் முன்னிலையிலும் விதிகளைச் சொல்லுங்கள். கடன் கொடுக்கவோ வாங்கவோ வேண்டாம். வீட்டுச் சாவி, வங்கி அட்டை, அதன் இரகசிய இலக்கம் எதுவும் தொண்டர் கைக்கு வரக் கூடாது. மருந்து வாங்கினால் பற்றுச்சீட்டோடு மிச்சக் காசு. படம் எடுப்பதில்லை.

படத்தைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. அரிசிப் பையை ஒருபுறம் நான்கு பேர் பிடித்திருக்க, மறுபுறம் ஒரு பாட்டி தலை குனிந்து நிற்கும் படங்களை நம் ஆட்கள் போடுவது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கொடை தந்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றால் பற்றுச்சீட்டின் படம் போதும்.

ஒரு வாரம் கழித்து இருவரையும் தனித்தனியே அழைத்துப் பேசுங்கள். "எப்படி?" என்று கேட்டால் "நல்லம்" என்றுதான் வரும். "கடைசியாக வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். பொருத்தம் சரியில்லை என்றால் பழியை உங்கள் தலையில் போட்டுக்கொண்டு மாற்றிவிடுங்கள். "நாள் குழப்பிவிட்டேன், வேறொரு தங்கச்சி வருவார்" என்றால் யாருக்கும் மனத்தாங்கல் இராது.

உங்களால் இணைக்கக் கூடாதவை

தற்கொலை எண்ணத்தோடு பேசுபவரிடம் நல்ல மனமுள்ள அயலவரை அனுப்பி வைக்காதீர்கள். அதற்கென்றே 1974 முதல் கொழும்பில் இயங்கும் சுமித்ரயோ, பயிற்சி பெற்ற தொண்டர்களைக் கொண்டு கேட்டுத் துணையிருக்கிறது. தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. சிறுவர் துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. அவசர நோய்க்கு சுவசெரிய அம்புலன்ஸ் 1990, கட்டணமில்லை. இந்த இலக்கங்களைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

சிறுவர் இல்லமும் பிறந்தநாள் சாப்பாடும்

பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் இல்லங்களில் சாப்பாடு கொடுப்பது நம்மிடம் ஊறிய வழக்கம். குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு குடும்பங்களின் பிரியாணி வந்து நிற்க, சாதாரண தரப் பரீட்சைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத இல்லங்கள் உண்டு. இல்லப் பொறுப்பாளரிடம் "உங்களுக்கு என்ன குறைகிறது?" என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். பதில் சவர்க்காரமாக இருக்கலாம், ஆங்கிலப் பாடமாக இருக்கலாம். பதிவுபெற்ற இல்லமா என்பதை மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்திடம் உறுதிசெய்யுங்கள். ஒரு வருடம் தொடர்ந்து வரக்கூடியவரை மட்டும் பிள்ளைகளிடம் அனுப்புங்கள். பழகிவிட்டுக் காணாமற்போகும் பெரியவர்களை அந்தப் பிள்ளைகள் போதுமான அளவு பார்த்துவிட்டார்கள்.

நேரமில்லாதவர்களுக்கு

மாதத்தில் ஒரு மணித்தியாலம்கூட ஒதுக்க முடியாதவர்களை விட்டுவிட வேண்டாம். நாரஹேன்பிட்டியில் தேசிய இரத்த நிலையம் இருக்கிறது. வயது 18 முதல் 60, நிறை 50 கிலோவுக்குக் குறையாமல், உடல்நலம் சரியாக இருந்தால் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை குருதி கொடுக்கலாம். அடையாள அட்டையைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் சுற்றும் "அவசரம், ஓ நெகட்டிவ் தேவை" செய்திகளைப் பகிரும் முன் திகதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த வைத்தியசாலையின் இரத்த வங்கிக்கு ஒரு கோல் எடுங்கள்.

கூட்டமாகச் செய்ய விரும்பும் இளைஞர்களுக்குக் கடற்கரைத் துப்புரவு ஏற்றது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் துகள்கள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கியபோது தொண்டர்கள் சல்லடையும் கையுமாக மணலை அரித்தார்கள். உலகக் கரையோரத் துப்புரவு நாள் செப்டம்பர் மாத மூன்றாவது சனிக்கிழமை வரும். புதியவர்களை அன்று அழைத்துப்போனால், யார் வேலை செய்பவர், யார் செல்ஃபி எடுப்பவர் என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்.

வெள்ளம் வரும்போது

களனிக் கரையில் நீர் ஏறும் நாட்களில் தொண்டர்கள் தாமாகவே குவிவார்கள். அன்று உங்கள் வேலை, ஆட்களைத் தடுத்து நிறுத்துவது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் பிரதேச செயலகத்தையும் கேட்டு, எந்த முகாமில் எத்தனை குடும்பம், என்ன இல்லை என்று தெரிந்த பிறகே வாகனம் புறப்பட வேண்டும். முதல் இரண்டு நாள் சமைத்த சாப்பாடு மலை போலக் குவியும். தண்ணீர் வடிந்த பிறகுதான் சேறு அள்ளவும் கிணறு இறைக்கவும் பிள்ளைகளின் கொப்பிகளை மறுபடி வாங்கவும் ஆள் வேண்டும், அப்போது யாரும் இருக்கமாட்டார்கள். ஆகவே வருபவர்களில் பாதிப் பேரின் பெயரை எழுதி, "உங்களை அடுத்த சனிக்கிழமை கூப்பிடுகிறேன்" என்று வீட்டுக்கு அனுப்புங்கள். சனிக்கிழமை கட்டாயம் கூப்பிடுங்கள்.

கொப்பியும் பணமும்

பெயர், போன் இலக்கம், நோய் விவரம் எல்லாம் உங்கள் கையில் சேரும். யாருக்கு என்ன நோய் என்பதைக் குழுமத்தில் எழுதாதீர்கள்; 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அப்படி எழுதுவது முதலில் மரியாதை இல்லை. தொண்டருக்கு அந்த வேலைக்குத் தேவையான அளவு மட்டும் சொன்னால் போதும்.

பணத்தைத் தொடாமல் இருக்க முடிந்தவரை இருங்கள். பஸ் காசு, முச்சக்கர வண்டிக் காசுக்கு ஒரு சிறு தொகை தேவைப்பட்டால் இரண்டு பேர் பார்க்கும் கணக்காக வையுங்கள். நன்கொடை திரட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டால் தனியாள் முயற்சியாக வைத்திருக்காமல், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தன்னார்வச் சமூக சேவை அமைப்பாகப் பதிவதுபற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். ஏற்கெனவே பதிவுள்ள சங்கம் ஒன்றின் கீழ் சேர்ந்துகொள்வது இன்னும் எளிது. ஆனால் அவர்கள் பொதுக்கூட்டச் சண்டைகளும் சேர்ந்தே வரும்.

ஆள் இல்லாத மாதங்கள்

ஓகஸ்ட் பக்கம் நல்லூர்த் திருவிழாவுக்கு வெள்ளவத்தை பாதி யாழ்ப்பாணம் போய்விடும். ஏப்ரல் புத்தாண்டுக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் அப்படியே. தனியே இருக்கும் முதியவர்களை வீட்டு வேலைக்கு வருபவரும் லீவில் விட்டுப்போவது அதே நாட்களில்தான். இதை ஜூன் மாதமே உட்கார்ந்து திட்டமிடுங்கள். தெஹிவளையிலும் கொம்பனித்தெருவிலும் இருக்கும் முஸ்லிம் தொண்டர்களிடமும் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கத் தொண்டர்களிடமும் நல்லூர் வாரங்களைப் பொறுப்பெடுக்கக் கேளுங்கள். நோன்புப் பெருநாளுக்கும் நத்தாருக்கும் மற்றவர்கள் மாற்றிக்கொள்ளலாம். போகுமுன் தொண்டரே முதியவரிடம் சொல்ல வேண்டும், தான் எத்தனை நாள் வரமாட்டேன், தன் இடத்தில் யார் வருவார் என்று. வருகிறவரின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள், இலக்கத்தோடு.